பாகத்தில் வராத ஆள்

சீட்டு எடுப்பதற்கு முன்னால் டிரைவர்கள் எல்லாரும் அவரவர் வண்டியின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும்படி பெரியவர் ஜெயச்சந்திரன் சொன்னார். சொல்லி வாய் மூடுவதற்குள் நின்றுவிட்டார்கள். நகரி வண்டிக்கு ஒருத்தன், சித்தூர் வண்டிக்கு ஒருத்தன், காளாஸ்திரி வண்டிக்கு ஒருத்தன். டிரைவருக்குப் பின்னால் கண்டக்டர், கண்டக்டருக்குப் பின்னால் கிளீனர். புத்தூர் ஷெட்டிலிருந்து அன்றைக்குக் காலையில் ஒரு வண்டியும் லைனுக்குப் போகவில்லை. சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டு, எட்டு வண்டியும் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்பது போல வரிசையாக நின்றன. கோவர்த்தனன் மட்டும் எந்தச் சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்பது என்று தெரியாமல் அங்கேயும் இங்கேயும் பார்த்துவிட்டு, கடைசியில் காலி டீசல் பீப்பாய்கள் அடுக்கியிருந்த மூலையில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

அவன் ஸ்பேர் டிரைவர். ஒரு டிரைவருக்குக் காய்ச்சல் வந்தால், இன்னொருத்தன் மச்சினிச்சி கல்யாணத்துக்குப் போனால், அந்த வண்டியை எடுக்க வேண்டியவன். சொந்தமாக அவனுக்கு ஒரு வண்டியும் கிடையாது. ஆதிலட்சுமி மோட்டார் சர்வீஸில் அந்த நாளிலிருந்து அப்படித்தான் பழக்கம். வண்டியோடு ஆள், ஆளோடு வண்டி. ஒருத்தன் வண்டியில் இன்னொருத்தன் ஏறி உட்கார்ந்தால் சீட்டின் பள்ளம்கூடக் காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பள்ளம் எல்லாவற்றிலும் ஒவ்வொரு நாள் உட்கார்ந்து எழுந்தவன் கோவர்த்தனன்.

கம்பெனியை ஆரம்பித்த ஆதிநாராயணன் முதலாளி உயிரோடு இருந்தபோது அவனை ஸ்பேராகப் போட்டதற்கு ஒரு கதை உண்டு. உலகச் சண்டை நடந்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் எல்லா பஸ்ஸும் கரி அடுப்பை முதுகில் கட்டிக்கொண்டு ஓடின. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு குணம். ஒன்று காலையில் இருமும், ஒன்று மேட்டில் மூச்சு வாங்கும், ஒன்று கிளப்பினால் நிற்காது, நின்றால் கிளம்பாது. அத்தனை குணத்தையும் அனுசரித்துப் போக ஒருத்தனால்தான் முடிந்தது. முதலாளி அவனைக் கூப்பிட்டு, சித்தூர் வண்டியை நிரந்தரமாக உன் பேரில் போட்டுவிடலாம் என்று இருந்தேன், ஆனால் உன்னை ஒரு வண்டியில் கட்டிப்போட மனசு வரவில்லை என்றார். "அவனவனுக்கு ஒரு வண்டிடா. உனக்கு எல்லாம் உன்னுது" என்றார். வேறு ஒருத்தனாக இருந்தால் ஏமாற்று வேலை என்று நினைத்திருப்பான். ஸ்பேர் என்றால் மற்ற டிரைவர்கள் மத்தியில் அரை மாற்றுக் குறைச்சல்தான். கோவர்த்தனன் அந்த வார்த்தையைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் சொன்னான். அவள் அப்போது இருந்தாள். எட்டு வண்டிக்காரன் பெண்டாட்டி என்று ரொம்ப நாள் அவளைக் கேலி செய்துகொண்டிருந்தான்.

அதற்கு ஈடாக முதலாளி அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்று. கூப்பிட்டால் இருக்க வேண்டும். ஷெட்டில் சொல்லாமல் ஊரை விட்டுப் போகக் கூடாது. இதை யாரும் எழுதவும் இல்லை, கையெழுத்து வாங்கவும் இல்லை. விடியற்காலையில் ஷெட் வாட்ச்மேன் கங்கையா வந்து கதவு நாதாங்கியைத் தட்டி, "பண்டி ரெடி" என்று தெலுங்கில் ஒரு குரல் கொடுப்பான். எந்த வண்டி, எந்த ஊர் என்று அவனும் சொல்லமாட்டான், இவனும் கேட்கமாட்டான். பெண்டாட்டி போய், பெண் ரத்னம்மாவும் அரக்கோணத்துக்குக் கல்யாணமாகிப் போன பிறகு அந்த வீட்டின் கதவைத் தட்டுகிற கை கங்கையாவின் கை ஒன்றுதான்.

ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்தபோது சித்தூர் ஜில்லா அந்தப் பக்கம் போய்விட்டது என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. தமிழ்ப் பேச்சுக்காரர்கள் கொடி பிடித்தார்கள், தெலுங்குப் பேச்சுக்காரர்களும் பிடித்தார்கள். முதலாளி ஈசிசேரில் சாய்ந்தபடி, ராஜ்யம் எத்தனையாகப் போனாலும் ரோடு ஒன்றுதானே என்று சிரித்தார். அவர் போய்ச் சேர்ந்த பிறகுதான் ரோட்டின் மேலேயே கோடு விழுந்தது. திருத்தணி மெட்ராஸோடு போனது. சத்தியவேடு இந்தப் பக்கம் வந்தது. புத்தூரும் நகரியும் இருந்த இடத்திலேயே இருந்தன. நகரி தாண்டிப் போகிற ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு சர்க்காரிலும் பர்மிட், இரண்டு பக்கமும் வரி. பிள்ளைகள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினார்கள். சண்டையெல்லாம் இல்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும், யாராவது ஒருத்தர் வாய் விட்டுக் கேட்டிருப்பார்கள். பெரியவர் ஜெயச்சந்திரன் திருத்தணிப் பக்கம் போவது, சின்னவர் தணிகாசலம் திருப்பதியில் ஆபீஸ் வைத்துக்கொள்வது, நடுவில் இருக்கிற புத்தூர் ஷெட்டை யாருக்காவது வாடகைக்கு விடுவது என்று ஒரே நாளில் முடிந்துபோனது. வண்டிகளை மட்டும் அப்பா படத்துக்கு முன்னால் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்ளலாம் என்றார்கள்.

சீட்டை எடுத்தது முதலாளியின் சம்சாரம் பொன்னியம்மாள். பித்தளைச் சொம்புக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்து, எந்தப் பிள்ளை பக்கம் பார்க்கிறோம் என்று தெரியக் கூடாதென்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டே நீட்டினாள். வண்டியின் பேரைப் படித்ததும் அந்த வண்டியின் ஆட்கள் மூன்று பேரும் யார் பங்கில் விழுந்ததோ அவர் பின்னால் போய் நின்றார்கள். நாலும் நாலுமாக முடிந்தது. சூடம் காட்டினார்கள். அண்ணனும் தம்பியும் கட்டிக்கொண்டு அழுதார்கள், பார்த்த டிரைவர்களும் அழுதார்கள். கோவர்த்தனனும் அழுதான். அழுது மூக்கைச் சிந்திவிட்டுப் பார்த்தபோது ஷெட்டில் எல்லாரும் இரண்டு கும்பலாக நின்றிருந்தார்கள். பீப்பாய்ப் பக்கம் அவன் ஒருத்தன். இரண்டு பேரில் ஒருவர் இப்போது திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தான். அதற்குள் யாரோ பொங்கல் பாத்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

முதல் வாரம் அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. புது ஆபீஸ், புது போர்டு, ஆயிரம் வேலை இருக்கும். காக்கிச் சட்டையைத் துவைத்துக் கஞ்சி போட்டு, செம்பில் நெருப்புக் கங்கு போட்டுத் தேய்த்துக் கொடியில் மாட்டி வைத்தான். விடியற்காலையில் எழுந்து குளித்துவிட்டு உட்காருவான். ஷெட் இருந்த பக்கம் சத்தமே இல்லை. கங்கையா சின்னவரோடு திருப்பதிக்குப் போய்விட்டான். ஷெட்டை வேர்க்கடலை வியாபாரி ஒருத்தர் வாடகைக்கு எடுத்து மூட்டை அடுக்க ஆரம்பித்தார். டீசல் நாற்றம் அடித்த தெருவில் கடலைத் தூசி பறந்தது.

சித்திரை போனது, வைகாசி போனது. இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம் வாரத்துக்கு விட்டிருந்தான், அரிசிக்கு அது போதும். அரக்கோணத்திலிருந்து ரத்னம்மா ஆள் மேல் ஆள் சொல்லி அனுப்பினாள். தனியாகக் கிடந்து எதற்குக் கஷ்டம், பேரப் பிள்ளைகளோடு வந்து இரு என்று மாப்பிள்ளையே ஒரு தடவை நேரில் வந்து கூப்பிட்டார். கோவர்த்தனன் அவருக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து, இப்போது வர முடியாது, எந்த நேரத்தில் வண்டிக்குக் கூப்பிடுவார்களோ என்று சொல்லி அனுப்பிவிட்டான். எந்த ஷெட்டில் சொல்லிவிட்டு ஊரை விட்டுப் போவது? சொல்வதற்கு ஷெட் இல்லையே, அதனால் போகவும் முடியாது. இதில் நியாயம் இருப்பதாக அவனுக்குப் பட்டது.

வேடிக்கை என்னவென்றால், அவன் சும்மா இருக்கிறான் என்பது ஊரில் யாருக்கும் உறைக்கவில்லை. ஸ்பேர் டிரைவர் வீட்டில் இருந்தால் ஏன் இருக்கிறாய் என்று யார் கேட்பார்கள்? வீட்டில் இருப்பதுதானே அவன் உத்தியோகத்தில் பாதி. பஸ் ஸ்டாண்டு பக்கம் போனால், நகரி வண்டிக்காரன் ஆரனை ஒரு தட்டுத் தட்டிக் கையைத் தூக்கிவிட்டுப் போவான். இவனும் கையைத் தூக்குவான். பிறகு அந்தப் பக்கம் போவதையும் விட்டுவிட்டான். தூரத்தில் ஆரன் கேட்டாலே எந்த வண்டி, மூன்றாவது கியரிலிருந்து இரண்டுக்கு எப்படி விழுகிறது என்று தெரிந்தது. கிளட்சைத் தேய்க்கிறான் படுபாவி என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். அந்த வார்த்தையைக் கேட்க வீட்டில் பல்லிகூட இல்லை.

விஷயம் தெரிந்தவள் எதிர்வீட்டு வெங்கடம்மா ஒருத்திதான். இட்லி சுட்டு விற்கிறவள், தெருவில் யார் வீட்டுக் கதவை யார் தட்டினார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. ஒரு நாள் இட்லியை இலையில் வைத்துக் கொடுத்துக்கொண்டே, "இன்னாய்யா, ரெண்டு பேருமா உன்ன மறந்துட்டாங்க? போய் ஒரு வார்த்த கேளேன். அழுத புள்ளதான் பால் குடிக்கும்" என்றாள். கோவர்த்தனன் இட்லியைத் தின்பதிலேயே கவனமாக இருந்தான். கேட்டால் கொடுப்பார்கள். அது அவனுக்கும் தெரியும். இத்தனை வருஷத்தில் வேலை கொடு என்று ஒரு நாளும் அவன் கேட்டதில்லை, அவர்கள்தான் கூப்பிட்டார்கள். இன்றைக்குப் போய்க் கேட்டால் அன்றைக்கு வேலைக்குச் சேர்ந்தவன் ஆகிவிடுவான். முன்னால் ஓட்டியதெல்லாம் யாரோ ஓட்டியதாகிவிடும். இதை வெங்கடம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல், சட்னியில் உப்பு கம்மி என்றான்.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போனான். முருகனுக்குப் பூக்காவடி என்பது ஒரு சாக்கு. அந்த நாளில் கூட்டம் அலைமோதும், கம்பெனி வண்டி பொழுதுக்கும் ஓடும், ஸ்பேர் டிரைவருக்கு உட்கார நேரம் இருக்காது. கண்ணில் பட்டால் போதும், பெரியவரே கூப்பிட்டுவிடுவார். மலைப்படி ஏறும்போது, கூப்பிட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்தான். ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, சாவியை வாங்கிக்கொண்டால் போதும் என்று முடிவுக்கு வந்தான்.

மலையடிவாரத்தில் புது ஆபீஸ். பச்சை போர்டில் தமிழில் கம்பெனி பேர். டிரைவர்கள் சட்டையில் எல்லாம் நம்பர் போட்ட பித்தளை வில்லை. வண்டியோடு ஆள் என்பதெல்லாம் இப்போது கிடையாது, இன்றைக்கு எந்த வண்டியோ அது என்று அரும்பு மீசைக்காரன் ஒருத்தன் வாசலில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். அவன் சட்டையும் புதுசு, வில்லையும் புதுசு. ஆக இங்கே எல்லாருமே ஸ்பேர்தான் என்று கோவர்த்தனனுக்கு ஒரு சிரிப்பு வந்து பாதியில் நின்றது.

ஜெயச்சந்திரன் அவனைப் பார்த்ததும் எழுந்தே வந்துவிட்டார். கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய் நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவர் எதிரில் கோவர்த்தனன் நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை. உட்காரவில்லையென்றால் விடமாட்டார் போலிருந்தது. நுனியில் உட்கார்ந்தான். அம்மா சௌக்கியம், இப்போது மூன்று மாதம் இங்கே, மூன்று மாதம் திருப்பதி என்று சொன்னார். காப்பி வந்தது. அப்புறம் அவர் குரலை இறக்கிக்கொண்டு பேசினார்.

"உன்ன இங்க வச்சிக்கணும்னு எனக்கு எவ்ளோ ஆசை தெரியுமா கோவர்த்தனா? வாய் வரைக்கும் வந்துச்சி. தம்பிக்கு வண்டி ஓட்டக் கத்துக்குடுத்தவன் நீ. அவன் சின்னவன், உன்னையும் நான் இழுத்துக்கினா மனசு ஒடஞ்சி போய்டுவான். போவட்டும், நீ அவங்கூட இருக்கறன்னா எனக்கும் நிம்மதி. நல்லா பாத்துக்கறானா?"

காப்பி டம்ளர் கையில் சுட்டது. கோவர்த்தனன் அதைக் கீழே வைக்க இடம் தேடினான். இல்லை, சின்னய்யா என்னைக் கூப்பிடவில்லை என்று சொன்னால் அது சின்னவர் மேல் பெரியவரிடம் கோள் சொன்னதாகும். இந்த வீட்டு உப்பைத் தின்றுவிட்டு அண்ணன் தம்பி நடுவில் மூட்டிவிட்ட பேர் வேண்டுமா? அதைவிட, யாருக்கும் வேண்டாமல் கிடக்கிறேன் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து எப்படிச் சொல்வது? அரும்பு மீசைக்காரன் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"பாத்துக்கறாருங்கய்யா" என்றான்.

ஜெயச்சந்திரனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவனுக்கு ஒரு வேட்டி துண்டு வைத்துக் கொடுத்து, வாசல் வரை வந்து வழியனுப்பினார். அவன் அரசாங்க வண்டியில் டிக்கெட் வாங்கிக்கொண்டு புத்தூர் திரும்பினான். வழியெல்லாம் அவனுக்கு ஒன்று மட்டும் ஆறுதலாக இருந்தது. அண்ணன் இவனைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார். தம்பிக்கு இது தெரியாது, அவ்வளவுதான். தெரிந்தால் அன்றைக்கே கூப்பிடுவார்.

ஐப்பசி மழையில் வீட்டுக் கூரை ஒழுகியது. ஒழுகுகிற இடத்தில் சட்டியை வைத்துவிட்டு, சத்தம் கேட்டுக்கொண்டே படுத்திருப்பான். தட்டுகிற சத்தம் மாதிரியே இருக்கும். பலமுறை எழுந்து போய்க் கதவைத் திறந்திருக்கிறான். வெளிச்சம் வராத தெருவில் யாரும் இருக்கமாட்டார்கள். கதவைத் திறந்ததற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று வெளியே வந்து கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துவிட்டுப் போய்ப் படுப்பான். அந்த நாட்களில்தான் அவனுக்குப் பெண்டாட்டி நினைப்பு ரொம்ப வந்தது. அவள் இருந்திருந்தால் திட்டியே திருப்பதிக்கு அனுப்பியிருப்பாள்.

கார்த்திகை மாதம் நிஜமாகவே தட்டினார்கள். நாதாங்கியைத் தட்டுகிற தினுசிலேயே தெரிந்துவிட்டது. கதவைத் திறந்தால் கங்கையா, தலையில் மப்ளர் சுற்றிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் இளைத்துப்போய் நின்றான். திருச்சானூரில் அன்றைக்குப் பஞ்சமி தீர்த்தம். அலமேலுமங்கைத் தாயார் குளத்தில் முழுகுவதற்கு நாலா பக்கத்திலிருந்தும் ஜனம் வரும். புத்தூரிலிருந்து ஒரு ஸ்பெஷல் விட்டிருக்கிறார்கள், எடுக்க வேண்டிய டிரைவர் வயிற்றுப்போக்கில் படுத்துவிட்டான்.

"பண்டி ரெடி" என்றான் கங்கையா. சொல்லிவிட்டு அவனையே ஒரு மாதிரி பார்த்தான். "நுவ்வு இக்கடே உன்னாவா? இங்கயேதான் இருக்கியா? திருத்தணில இருப்பேன்னு நெனச்சேன். சும்மா தட்டிப் பாப்போம்னு தட்டினேன். லீவா?"

கோவர்த்தனன் கொடியில் இருந்த காக்கிச் சட்டையை எடுத்துக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் அவனுக்கு இருந்த சந்தோஷத்தில், கேட்டது முழுக்கக் காதில் ஏறவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஏறியிருந்தாலும் வேறென்ன சொல்லியிருப்பான்? லீவுதான் என்றான். சொன்னது சின்னப் பொய், அதைச் சட்டைப் பொத்தானோடு சேர்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

பழைய காளாஸ்திரி வண்டி அது. இரண்டாவது கியருக்குப் போகும்போது அரை நொடி பொறுக்க வேண்டும், அவசரப்பட்டால் முறைத்துக்கொள்ளும். பொறுத்தான். வழுக்கிக்கொண்டு விழுந்தது. வண்டி நிறைய ஜனம், கூரை மேல் மூட்டை, பெண்கள் கூட்டமாகக் கோவிந்தா போட்டுக்கொண்டு வந்தார்கள். மழை பெய்து கழுவிவிட்ட ரோடு, இரண்டு பக்கமும் ஏரி தளும்பியது. ரேணிகுண்டா தாண்டியதும் திருமலை மேல் மேகம் நகர்ந்து மலை தெரிந்தது. எத்தனையோ மாதம் வாயில் ருசி இல்லாமல் கிடந்தவனுக்குப் பசி எடுத்தது. எல்லாம் சரியாகிவிட்டது, இத்தனை நாள் கூப்பிடாததற்கு ஏதோ காரணம் இருந்திருக்கும், இப்போது கூப்பிட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு வண்டியை ஓட்டினான். அவர்களோடு சேர்ந்து கொஞ்சம் கோவிந்தாவும் போட்டான். அன்றைக்கு அவன் வண்டி ஓட்டியதைப் பார்த்தவர்களுக்கு அவன் வயசு தெரிந்திருக்காது.

திருச்சானூரில் கம்பெனி ஒவ்வொரு வருஷமும் ஒரு சத்திரத்தை வாடகைக்கு எடுத்து, தீர்த்தமாடி வருகிறவர்களுக்குச் சாப்பாடு போடுவது வழக்கம். பழைய முதலாளி வைத்த தர்மம். அதிலும் ஒரு ஒழுங்கு உண்டு. முதல் பந்தி ஊர்ஜனத்துக்கும் விருந்தாளிகளுக்கும். பரிமாறுகிறவர்கள் வெளி ஆட்கள் இல்லை, கம்பெனி ஆட்களேதான். டிரைவர்களும் கண்டக்டர்களும் காக்கிக் கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டுக்கொண்டு வாளியும் கரண்டியுமாக ஓடுவார்கள். ஜனமெல்லாம் சாப்பிட்டு முடிந்து, எல்லா இலையும் எடுத்த பிறகு கடைசிப் பந்தி. அதில் முதலாளி நடுவில் உட்காருவார், ஆட்கள் இரண்டு பக்கமும் உட்காருவார்கள், அவர் வீட்டுப் பெண்கள் பரிமாறுவார்கள். சாம்பார் அடிவண்டலாக இருக்கும், பாயசத்தில் முந்திரி மிச்சம் இருக்காது. ஆனாலும் அந்தப் பந்திக்காகத்தான் எல்லாரும் காத்திருப்பார்கள்.

கோவர்த்தனன் வண்டியை நிறுத்திப் பூட்டிவிட்டு, குழாயில் கை கால் கழுவிக்கொண்டு நேராகச் சமையல்கட்டுக்குப் போனான். ரச வாளி எப்போதும் அவன் கைக்குத்தான் வரும். குனிந்து அதன் கைப்பிடியைப் பிடித்தான். சித்தூர் வண்டி டிரைவர் ஓடிவந்து வாளியை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

"நீ வுடுண்ணா. நீ போயி உக்காரு."

அவன் சிரித்துக்கொண்டே, ஏண்டா, எனக்குக் கை நடுங்குகிறதா என்று மறுபடி கைப்பிடியைப் பிடித்தான். அதற்குள் தணிகாசலமே வந்துவிட்டார். நெற்றியில் புது நாமம், தோளில் ஈரத் துண்டு. கோவர்த்தனனின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு, கங்கையா எல்லாம் சொன்னான் என்றார். லீவில் வந்த மனுஷனைத் தொந்தரவு பண்ணிவிட்டோம் என்றார். கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், முதல் பந்தியில், காளாஸ்திரியிலிருந்து வந்திருந்த இரண்டு பெரிய மனுஷர்களுக்குப் பக்கத்தில் தலைவாழை இலைக்கு முன்னால் தோளை அழுத்தி உட்காரவைத்தார். அவர் சம்சாரத்தைக் கூப்பிட்டு, அண்ணன் வீட்டு ஆள், நன்றாகக் கவனி என்றார். அந்த அம்மாள் அவனுக்குக் கை கூப்பினாள்.

தணிகாசலம் நெய்க்கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அவன் எதிரில் குந்தினார்.

"அண்ணன் எப்பிடி இருக்காரு கோவர்த்தனண்ணா?"

அவன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ உப்பு வைத்துவிட்டுப் போனார்கள்.

"உன்ன மாதிரி ஒரு ஆளு எனக்கு வாய்க்கலியே. ஸ்பேருக்கு மூணு பேரப் பாத்துட்டேன், ஒருத்தனும் தேறல. கேட்டா அண்ணன் குடுத்துடுவாரு, அதான் கேக்கல. அவருக்குன்னு பழைய ஆளு யாரு இருக்கா? தை மாசம் சூளூர்பேட்டைலருந்து ஒருத்தன வரச் சொல்லிக்கீறேன்."

இப்போது சொல்லிவிடலாம். ஒரே ஒரு வரி. நான் அங்கே இல்லைங்கய்யா. அதைச் சொன்னால் லீவு என்று சொன்னது பொய்யாகும். அங்கே பெரியவரிடம், பார்த்துக்கொள்கிறார் என்று கண் கலங்கவைத்ததும் பொய்யாகும். அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் விட்டுக்கொடுத்துவிட்டதாக மனசு குளிர இருக்கிறார்கள். அவர்கள் பிரிந்ததில் அவர்களுக்கு மிஞ்சிய நல்லது அது ஒன்றுதான் போலிருந்தது. கோவர்த்தனன் வாயைத் திறந்தான். காளாஸ்திரிப் பெரிய மனுஷர் ஒருத்தர் அவன் பக்கம் திரும்பி மரியாதையாகச் சிரித்தார்.

"அவருக்கு இன்னாங்கய்யா. நல்லாக்கீறாரு" என்றான்.

தணிகாசலத்தின் முகம் மலர்ந்தது. பருப்பின் மேல் நெய்யை ஊற்றினார், மறுபடியும் ஊற்றினார். சித்தூர் வண்டிக்காரன் ரசம் கொண்டுவந்தான், நகரி வண்டிக் கண்டக்டர் கூட்டு வைத்தான், கங்கையா அப்பளக் கூடையோடு வந்து இரண்டாகப் போட்டுவிட்டுப் போனான். எல்லாரும் அவன் இலைக்கு வரும்போது கொஞ்சம் நின்று, கூடுதலாக ஒரு கரண்டி வைத்தார்கள். சமையல்கட்டுப் பக்கம் யாரோ ஏதோ சொல்ல, வாளி வைத்திருந்தவர்கள் எல்லாம் ஒரே குரலாகச் சிரித்தார்கள். என்ன சொன்னார்கள் என்று அவனுக்குக் கேட்கவில்லை. பாயசம் வந்தது. மேலே முந்திரி மிதந்தது. போதும் என்று இலைக்குக் குறுக்கே கையை நீட்ட அவனுக்குத் தோன்றவில்லை. அவர்கள் வைத்துக்கொண்டே இருந்தார்கள்.